வாடகை மூக்கு

என் வீட்டில் நான் சாம்பிராணி போடுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பழைய அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் ஐந்து வருடமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடை வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கேற்றி, தணல் மேல் ஒரு சிட்டிகை தூவியிருப்பேன். புகை வாசலைத் தாண்டுவதற்குள் கதவு தட்டப்படும்.

"இன்னா நீலா, போட்டுட்டியா? ரெண்டு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாது? இரு, கூண்ட உள்ள எடுத்துக்கறேன்."

அவர்தான் பக்தவச்சலம். ஐம்பத்தேழு வயது. ஒல்லி. லுங்கி, தோளில் ஒரு துண்டு, முகத்தில் எந்நேரமும் தூங்கி எழுந்த களை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில் அவருடைய கூண்டு இருக்கும். டிவி பெட்டி அளவுக்கு அவரே கம்பி வலை வாங்கி அடித்தது. உள்ளே பதினோரு லவ் பேர்ட்ஸ். பச்சை, நீலம், மஞ்சள். முட்டை வைக்கச் சின்னச் சின்ன மண்கலயங்கள், கொறிக்கத் தினை, அலகு தீட்டிக்கொள்ள நெட்டுக்குப்பம் கரையிலிருந்து பொறுக்கி வந்த கணவாய் மீன் ஓடு. விடிந்ததும் அவை போடுகிற சத்தத்தில் எனக்கு அலாரமே தேவைப்படவில்லை. அதற்கு நான் நன்றி ஒன்றும் சொன்னதில்லை.

அவருடைய சட்டதிட்டங்களைச் சொல்லி முடியாது. கொசுவர்த்தி கூடாது. கரப்பானுக்கு அடிக்கிற மருந்து கூடவே கூடாது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் சண்டைக்கே வருவார். ஒருமுறை வீட்டுக்காரர் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, கூண்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றி நெட்டுக்குப்பத்தில் மச்சினர் வீட்டில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார். மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த என் மகள், அம்மாவுக்கு ஒட்டாமல் தோசை வரட்டும் என்று கறுப்பாக ஒரு நான்ஸ்டிக் தவா வாங்கி வந்தாள். அதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டார் மனிதர்.

"நீலா, அதை மட்டும் வேணாம்மா. அடுப்புல வெச்சிட்டு மறந்து, காலியா காஞ்சிச்சின்னு வை, அதுலேர்ந்து ஒண்ணு வரும். கண்ணுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் ஒண்ணியும் ஆவாது. அதுங்க பொத்து பொத்துன்னு வுழும்."

"நான் ஏன்ணா மறக்கப் போறேன்?"

"நீ மறக்க மாட்டே. உன் காலு வலிக்கும், சித்த நேரம் குந்துவே, கண்ண அசத்திடும். நாள் பூரா நின்னுட்டு வர்றவ நீ."

தவாவைப் பரணில் போட்டேன். அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல். வண்ணாரப்பேட்டையில் நைட்டிக் கடையில் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு வரை நிற்க வேண்டும். விற்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறதாம். எங்கள் கடையிலும் நாற்காலி இருக்கிறது. அதன் மேல் எக்ஸ்எல் சைஸ் நைட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். அவருடைய மனைவி வரலட்சுமி அக்கா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தால், கூண்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வருவார். சாயங்காலம் ஆனால் எங்கள் பக்கம் வடக்கிலிருந்து ஒரு வாடை இறங்கும். எந்தக் கம்பெனி, என்ன வாடை என்று இங்கே யாரும் விசாரிப்பதில்லை. ஜன்னலைச் சாத்துவோம், கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகுவோம், உள்ளே ஊதுபத்தியோ சாம்பிராணியோ ஏற்றி அதை இதால் அமுக்குவோம். இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். அந்த வாடை வந்ததும் அவர் கூண்டை உள்ளே எடுத்துப் போவார். உள்ளே மீன் பொரிந்தால் மறுபடி வெளியே. உள்ளே அடுப்பு, வெளியே கம்பெனி. ஒரு சாயங்காலத்தில் ஏழெட்டுத் தடவை அந்தக் கூண்டு வாசற்படியைத் தாண்டும். பார்க்கிற எனக்கே இடுப்பு வலிக்கும்.

வரலட்சுமி அக்கா ஒருநாள் கரண்டியோடு வெளியே வந்து கத்தியேவிட்டது.

"முப்பது வருசமா இந்த வூட்டு அடுப்பண்ட நான்தான் கீறேன். உன் மூச்சு எப்படிம்மா கீதுன்னு ஒரு தபா கேட்டுகீறியாய்யா நீ? நானும் ஒரு கிளியா பொறந்திருந்தா வெளிய கொண்டாந்து வெச்சிருப்பே."

மறுவாரமே அவர் கடன் வாங்கிச் சமையலறையில் புகை இழுக்கிற ஃபேன் மாட்டினார். அது அக்காவுக்கா பறவைக்கா என்று நான் கேட்டேன். "ரெண்டு பேருக்குந்தான்" என்றார்.

மூன்றாவது மாடியில் ஒருவர், பறவை வளர்ப்பது நல்லதுதான், விஷக்காற்று வந்தால் அதுதான் முதலில் சாகும், நாம் ஓடிவிடலாம் என்று விளையாட்டாகச் சொன்னார். பக்தவச்சலத்துக்கு வந்ததே கோபம். "அதுங்க இன்னா உன் வூட்டு அலாரமா? நீ ஓடறதுக்கு அதுங்க சாவணுமா?" என்று பாய்ந்தார். அவர் அவ்வளவு சூடாகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் கோபத்துக்குக் காரணம் அவருடைய வேலை. துறைமுகத்துக்கு வருகிற, போகிற கண்டெய்னர்களை நிறுத்துகிற ஒரு யார்டில், சரக்குக்கு மருந்து போடுகிற வேலை அவருக்கு. அரிசி, சோளம், மரப்பலகை எல்லாவற்றிலும் பூச்சி இருக்கும். பெரிய ஷீட் போட்டு மூடி, உள்ளே மாத்திரை வைப்பார்கள். காற்றில் இருக்கிற ஈரம் பட்டதும் அந்த மாத்திரை விஷவாயுவாகி, கடைசியில் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிரும். பூச்சி, எலி, எது இருந்தாலும் காலி. மூன்று நான்கு நாள் கழித்துத் திறந்து காற்றாட விடுவார்கள். அப்புறம்தான் மூட்டை இறக்குகிறவர்கள் உள்ளே போகலாம். போகலாமா வேண்டாமா என்று சொல்கிறவர் பக்தவச்சலம். இருபத்திரண்டு வருடம் அந்த வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி நடைபாதை மூலையில் ஒரு மூடி போட்ட வாளியில் போடுவார். தலைக்குக் குளிப்பார். அதற்கப்புறம்தான் கூண்டுப் பக்கமே போவார். கைப்பிள்ளைக்காரி கூட அவ்வளவு பார்க்க மாட்டாள்.

அவருக்கு மூக்கு போய்விட்டது என்பது எனக்குத் தெரியவந்தது தற்செயலாகத்தான். அதில் என் முட்டாள்தனமும் உண்டு.

கூண்டில் ஒரு மஞ்சள் பெட்டை இருந்தது. கால் வளைந்து நொண்டும். மற்றவை அதைக் கொத்தி இறகைப் பிடுங்கிவிட்டன. "கொஞ்ச நாளைக்கு இத்த மட்டும் நீ வெச்சிக்கோ நீலா, தனியா இருக்கறவதானே" என்று ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் கீழே தண்ணீர் லாரி வந்துவிட்டது. அரிசியை அடுப்பில் வைத்தபடியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினேன். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. பர்னர் திறந்தபடி. அவர் என் வீட்டுக்குள் அடுப்புக்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சளைக் கையில் வைத்துத் தினை ஊட்டிக்கொண்டிருந்தார்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கேஸை மூடினேன். ஜன்னல் கதவெல்லாம் திறந்தேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்பிடி ஓடற?"

"கேஸுண்ணா! வாசம் வரலே உங்களுக்கு?"

அவர் முகம் மாறிப்போனது. பறவையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அது கண்ணைத் திறந்து மூடியது. தலையை ஆட்டியது. பிழைத்துக்கொண்டது. பிறகு, வரலட்சுமி அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணியும் வர்றதில்ல நீலா. ஒரு வருசம் ஆவுது. கொஞ்சம் கொஞ்சமா போயி, இப்ப சுத்தமா இல்ல. சோறும் மண்ணும் ஒண்ணுதான்."

"டாக்டரப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வந்தா வரும்னான்."

"அக்காவுக்கு?"

"தெரியாது. சொன்னா யார்டுக்குப் போவாதேன்னு ஒக்காரும். இன்னும் மூணு வருசம் ஓட்டிட்டா பி.எஃப் கைக்கு வந்துரும். வெளிய சொல்லிடாதம்மா."

எனக்கு அப்போதே ஒன்று உறைத்தது. கேட்டும்விட்டேன். "வேலைல என்ன பண்றீங்கண்ணா? அங்க மோந்து பார்த்துதானே சொல்வீங்க?"

"அங்க காத்த அளக்கற மிசினு கீதும்மா" என்றார். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு அரிசி வேகாமல் கிடந்தது, கால் வலித்தது, அடுத்தவர் பிழைப்பில் கை வைக்கப் பயமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து என் மூக்கு அவருக்கு வாடகைக்குப் போனது. கண்ணுக்குத் தெரிகிற புகை என்றால் அவரே பார்த்துக்கொள்வார். தெரியாததற்கு நான். தினமும் நான் மெட்ரோவில் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "நீலா, எதுனா வருதா?" நான் நடைபாதைக்கு வந்து, கைப்பிடிக் கம்பிப் பக்கம் ஒருதரம், கூண்டுப் பக்கம் ஒருதரம் மூச்சிழுத்துப் பார்த்துச் சொல்வேன். கம்பெனி வாடைண்ணா, உள்ள எடுங்க. ஒண்ணுமில்லண்ணா, இருக்கட்டும். யாரோ டயர் கொளுத்துறாங்க. கீழ் வீட்டில் கொசுவர்த்தி.

"என் மூக்குக்கு இன்னாண்ணா வாடகை?" என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை என் வாசலில் இரண்டு குடம் தண்ணீர் நின்றது. இரண்டு மாடி தூக்கி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒருநாள் தவறியதில்லை. மஞ்சளும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. சாம்பிராணி நின்றுபோயிற்று. சாமி கோவித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மனசுக்குள் முணுமுணுப்பு இருந்தது, மறைப்பானேன்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது இது. வரலட்சுமி அக்கா உள்ளே முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தது. ஃபேனும் ரிப்பேர். வெளியே பட்டாசுப் புகை. சாரல் வேறு. கூண்டை எங்கே வைப்பது? உள்ளேயும் முடியாது, வெளியேயும் முடியாது. அன்று அவர் சனிக்கிழமை அரை நாள் முடிந்து வரும்போதே யார்டிலிருந்து கனமான ஒரு ஷீட்டை மடித்து எடுத்து வந்திருந்தார். கூண்டை முழுக்க மூடி, கீழே ஒரு பக்கம் மட்டும் காற்றுக்கு விட்டால் புகையும் சாரலும் அண்டாது என்பது அவர் எண்ணம். கால் வலிக்கு நான் போடுகிற மாத்திரையை மறந்துவிட்டுப் போனதால், அன்றைக்குத்தான் மதியம் கடையில் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஒரு எட்டு வந்திருந்தேன்.

"நீலா, மோந்து பாரு. லாரிக்குப் போடற புது ஷீட்டுன்னு ஸ்டோர்ல குடுத்தான். மெய்யாலுமே புதுசான்னு தெரியணும்."

மோந்து பார்த்தேன். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. "பிளாஸ்டிக் நாத்தம்தாண்ணா."

"கழுவிட்டுப் போடணும். வூட்ல தண்ணி தீந்துடுச்சி, மத்தியான லாரி இன்னும் வரல."

என் வாசலில் காலையில் அவர் வைத்துவிட்டுப் போன இரண்டு குடம் நிறைய இருந்தது. அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

தீபாவளி நேரத்து வண்ணாரப்பேட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் கடையில் மூச்சுவிட இடமில்லை. ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பாயை விரித்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுத்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"நீலா, எதுனா வருதா?"

வந்தது. பூண்டு வாசனை மாதிரி, அதோடு கெட்டுப்போன மீன் கலந்த மாதிரி ஒரு வாடை. எங்கள் கட்டடத்தில் சனிக்கிழமை ராத்திரி பூண்டும் மீனும் மணக்காமல் வேறென்ன மணக்கும்? நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை.

"கருவாடுண்ணா. மேல் வீட்ல பூண்டு போட்டு வறுக்கறாங்க."

"சரிம்மா" என்றார்.

காலையில் வரலட்சுமி அக்கா வாந்தி எடுக்கிற சத்தத்தில்தான் விழித்தேன். பறவைச் சத்தத்தில் இல்லை. அது எனக்கு உடனே தெரியவில்லை, கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. அவர் ஷீட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பத்தும் செத்துக் கிடந்தன. எட்டு கூண்டின் தரையில். இரண்டு கலயத்துக்குள்ளே, முட்டை மேலேயே. வெளியே எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தார். தினை கொட்டாமல் அப்படியே கிண்ணத்தில் இருந்தது.

பிறகு ஷீட்டின் ஓரத்தைப் பிரித்தார். தைத்த மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் பொடி. சாரலில் நனைந்து களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது.

"தள்ளிப் போ! எல்லாம் தள்ளிப் போங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

அந்தக் குரலில் மூன்று மாடியும் வெளியே வந்துவிட்டது. அக்காவைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய் உட்கார வைத்தார். ஷீட்டைத் தானே சுருட்டி மொட்டை மாடிக்கு எடுத்துப் போனார். என்னை மட்டும் படியோரம் வரச் சொல்லி, எட்டத்திலேயே நிறுத்தினார்.

"காத்து உன் பக்கந்தான் வருது. அங்கேர்ந்தே ஒரு தபா பாரு. நேத்து வந்தது இதுவா?"

பார்த்தேன். "இதுதாண்ணா."

"பூண்டாட்டம்?"

"ஆமா."

"மீனாட்டமும்?"

"ஆமாண்ணா."

"அதான் மாத்திரை. மருந்துக்குப் போட்ட பழைய ஷீட்டு இது. மடிப்புல மிச்சம் இருந்தது ஈரத்துல கெளம்பிக்கீது" என்றார். இருபத்திரண்டு வருடம் தினமும் மோந்த வாசனை. அவர் வீட்டு வாசலில், அவர் கொண்டுவந்த ஷீட்டில், ராத்திரி முழுக்க இருந்திருக்கிறது. மூடி வைத்தது திறந்த நடைபாதையில் என்பதால்தான் நாங்கள் தலைவலியோடும் வாந்தியோடும் தப்பித்தோம் என்றார். கூண்டுக்குள் இருந்தவற்றுக்கு அந்த ஷீட்டுக்குள் இருந்த காற்றுதான் மொத்தக் காற்று.

பத்தையும் ஒரு பழைய துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது துண்டு இல்லை. அந்தத் தீபாவளிக்கு எங்கள் மாடியில் யாரும் புதுத்துணி உடுத்தவில்லை. மஞ்சள் மட்டும் என் வீட்டில் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து, பதில் வராத திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

தீபாவளியன்று சாயங்காலம் படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் எழுந்து வந்து பார்க்கலே. படுத்துக்கினேதான் சொன்னேன். கால் வலி."

அவர் கீழே பட்டாசு வெடிக்கிறவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"உன் குரல் தரையிலேர்ந்து வந்துது. இன்னாடா, நிக்கறவ குரல் இப்பிடி வராதேன்னு தோணுச்சி. ஒரு தபா வெளிய வாம்மான்னு கூப்புட்டிருக்கலாம். எனக்கும் முடியல நீலா. நீ ஒண்ணுமில்லன்னு சொல்லணும், நான் போய்ப் படுக்கணும். அவ்ளோதான் வேண்டியிருந்துது எனக்கு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. களைத்துப்போன மனிதர்களுக்கு அழுகைகூட ஒரு வேலைதான்.

"நான் ஒரு பொய் சொன்னேன் உன்னாண்ட" என்றார். "மிசினு கீதுன்னு சொன்னேனே. கீது. ஆபீஸ் பீரோல கீது. பேட்டரி போயி எத்தினியோ நாளாச்சி. யாருனா செக்கிங்குக்கு வந்தா மட்டும் எடுத்து டேபிள் மேல வெப்பாங்க. கதவு தொறந்து, முகமூடியக் கழட்டி, நான் மோந்து பார்த்துட்டு 'போலாம்'னு சொன்னா உள்ள போவாங்க. மூணு வருசமா சும்மா நின்னு மூச்ச இழுத்துட்டு 'போலாம்'னு சொல்லிக்கினு கீறேன். நீ ஒருநாள் படுத்துக்கினு சொன்னே. நான் தெனம் சொல்றேன்."

இரண்டு வருடமாக எனக்கும் அது அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது.

விடுமுறை முடிந்து யார்டு திறந்த அன்று நடந்ததை எனக்குச் சொன்னது சிலுவைமுத்து. கீழ் வீட்டில் இருக்கிறார். அதே யார்டில் மூட்டை இறக்குகிறவர், நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். சொல்லும்போதும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"கதவத் தொறந்தாச்சி. நாங்க ஆறு பேரு நின்னுக்கினு கீறோம். எப்பவும் மாதிரி முகமூடியக் கழட்டுவாரு, மோந்து பார்ப்பாரு, 'போலாம்'னுவாரு. அன்னிக்குக் கழட்டவே இல்ல. ரெண்டு கையையும் வாசல்ல குறுக்க வெச்சி நின்னாரு. 'எனக்கு மூக்கு இல்லப்பா. மூணு வருசமா இல்ல. நான் சொன்னேன்னு யாரும் இனிமே உள்ள போவாதீங்க. அந்த மிசின எடுத்துக்கினு வரச் சொல்லுங்க'ன்னாரு. நான் போயி சட்டையப் புடிச்சேன்க்கா. மூணு வருசமா எங்க உசுரோட ஆடிக்கினு இருந்தியான்னு கேட்டேன். ஆமாண்டான்னு நிக்கறாரு. அடிச்சாலும் வாங்கிக்கினு நிக்கற மாதிரி நிக்கறாரு."

"அடிச்சீங்களா?"

"இல்ல. எப்பிடி அடிக்கறது? எங்களயெல்லாம் வேலைக்குச் சேர்த்து வுட்டதே அவருதான்."

ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு மட்டும் என்ன, போய் வேலையைப் பாருங்கள் என்றாராம். ஆறு பேரும் கண்டெய்னர் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் மூன்று மணிக்குப் பீரோ திறந்தது. யாரோ கடைக்குப் போய் பேட்டரி வாங்கி வந்தார்கள். மிஷினை உள்ளே நீட்டியதும் அது கத்தியது என்றார் சிலுவைமுத்து. எவ்வளவு கத்தியது, அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கண்டெய்னருக்குள் யாரும் போகவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று பக்தவச்சலத்திடம் சொல்லிவிட்டார்கள்.

அவரை நான் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்தான். பத்துப் பறவை செத்த பிறகுதான் ஆறு மனிதர்கள் கண்ணில் பட்டார்கள். சிலுவைமுத்து இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார், அவ்வளவுதான். வரலட்சுமி அக்கா ஒரு வாரம் பேசவில்லை. வேலை போனதற்காக இல்லை. மூக்கு போனதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னவர் தன்னிடம் சொல்லவில்லை என்பதற்காக. என்னிடமும் பேசவில்லை. அது நியாயம்தான்.

இப்போது பக்தவச்சலத்துக்கு யானைக்கவுனியில் ஒரு குடோனில் பகல் காவல் வேலை. பாத்திரக் குடோன், மருந்து கிருந்து எதுவும் கிடையாது. பாதிச் சம்பளம்தான். கூண்டைக் கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். போன மாதம் மஞ்சளை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உங்களோடதுண்ணா. வாங்கிக்கோங்க."

பெட்டிக்குள் கையை விட்டார். அது நொண்டி நொண்டி விரல் மேல் ஏறிக்கொண்டது. அலகால் அவர் நகத்தைக் கடித்தது. அதன் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே இறக்கினார்.

"வேணாம் நீலா. மூக்கு இருக்கற வூட்ல இருக்கட்டும்."

மறுநாள் காலையும் என் வாசலில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. இனிமேல் வேண்டாம் அண்ணா என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. சாயங்காலம் ஏழரைக்கு, நான் பாயை விரித்துக் காலை நீட்டுகிற நேரத்துக்குச் சரியாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது.

"நீலா, எதுனா வருதா?"

முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது. கையை ஊன்றி எழுந்திருக்கிறேன். வெளியே போய், கம்பிப் பக்கம் ஒருதரம், படிக்கட்டுப் பக்கம் ஒருதரம் மூச்சிழுத்துப் பார்க்கிறேன். பிறகு அவர் வீட்டு வாசலுக்கே போய், நான் நின்றுகொண்டிருப்பதை அவர் பார்க்கும்படி நின்று, மூக்குக்கு வந்ததை வந்தபடி சொல்கிறேன்.